சலூனில் நடந்த முதல் ஆராதனை

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளைக்கு, அதே கர்த்தருக்குள் வயிற்றெரிச்சலோடு அத்தான் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அக்காவுக்கு மட்டும் முழங்கால் வலி. ஜெபிக்க முட்டி போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைத் திட்ட முடிகிறது. அங்கே குளிர் குறைந்ததா?

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்வது நல்லது. போன ஞாயிறு நம் சபையின் வெள்ளி விழா. போதகர் மைக்கில், "இந்தச் சபை உருவாகக் காரணமா இருந்த குடும்பத்தார் எழுந்து நில்லுங்க" என்றார். நான் எழுந்து நின்றேன். சும்மா நிற்கவில்லை, கைகூப்பி நாலு பக்கமும் திரும்பிச் சிரித்தேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், நானோ அடக்கமாக நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் முன்வரிசையைப் பார்த்தேன். சிமெண்ட் கடைக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள், இரண்டு மருமகன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பூங்கொத்து அவர்களைத் தேடிப் போயிற்று. நான் பாத்ரூமுக்கு எழுந்தவன் போல வெளியே நடந்தேன். போய்ப் பத்து நிமிடம் கை கழுவினேன்.

விழா மலரைப் படித்தால் இன்னும் வயிறு எரிகிறது. சபை "ஒரு விசுவாசியின் இல்லத்தில்" துவங்கியதாம். சிமெண்ட் கடைக்காரர் முதல் நாளிலிருந்தே தூணாக நின்றாராம். துவங்கியது என் சலூனில்; அங்கே யார் குடியிருந்தது, ஷேவிங் பிரஷ்ஷா? உன் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. செயலாளரிடம் கேட்டேன். "அண்ணே, சலூன்னு போட்டா நல்லாவா இருக்கும்? வெளியூர்லேர்ந்து பெரியவங்கல்லாம் படிப்பாங்க" என்றான். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அவனுக்கு முடி வெட்டியவன் நான். காதையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

உனக்கு மறந்திருக்காது. நீ அப்போது பஸ் கண்டக்டர். ஜெபிக்க ஒரு வீட்டுக்காரரும் இடம் தரவில்லை. என் கடையில் ஒரு மின்விசிறி, மூன்று சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு. சலூனுக்கு ஞாயிறுதான் அறுவடை. அந்த அறுவடையை ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்தேன். வந்தது ஏழே பேர். ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடி அல்லவா, பார்த்த இடமெல்லாம் தலை! "அத்தான், ஆண்டவர் இப்பவே சபையைப் பெருக்கிட்டாரு" என்றாய். டிக்கெட் கிழித்துப் பழகிய குரலில் நீ பிரசங்கம் செய்ததைக் கேட்க, ஆறு வருடத்தில் கூட்டம் தெருவில் நின்றது.

பிறகு சிமெண்ட் கடைக்காரர் மனை கொடுத்தார். சுவர் எழுந்தது, கோபுரம் எழுந்தது, வேதாகமக் கல்லூரியில் படித்த போதகர் வந்தார். சான்றிதழ் இல்லாதவன் பிரசங்கம் செய்யக் கூடாதென்று உன்னை ஸ்பீக்கர் பெட்டி தூக்க வைத்தார்கள். ஒரு வருடம் தூக்கினாய். அப்புறம் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விட்டாய். உன் பிரசங்கத்தை நிறுத்த முடிவு செய்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். நாளெல்லாம் கத்தரிக்கோலோடு போட்டி போட்டுப் பேசுகிற வாய், அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலரை மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள். ஆதாரம் காட்டினால் திருத்துவதாகப் போதகர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முதல் ஞாயிறு அக்கா எடுத்த போட்டோவில் ஒரு பிரதி உன்னிடம் இருக்கும். உடனே அனுப்பு. தூண் அன்றைக்கு எங்கே நின்றது என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். முடிந்தால் நீயே கொண்டு வா. நீ பேசிக் கேட்டுப் பல வருடமாயிற்று. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக; முக்கியமாக வரத்தை.

உன் பிரசங்கத்துக்கு முதல் ஆமென் சொன்ன,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அக்கா பீரோவிலிருந்து நம் பிரதியைத் தேடி எடுத்துவிட்டாள். நீ அனுப்ப வேண்டாம். உன்னுடையதை யாருக்கும் காட்டவும் வேண்டாம். நீ மட்டும் வா. படத்தில் நீ பைபிளோடு நிற்கிறாய். பெஞ்சில் ஆறு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஏழாவது ஆள் சுழல் நாற்காலியில், பாதி முகம் சோப்பு நுரையோடு, போர்த்திய துணிக்கு வெளியே கைகூப்பியிருக்கிறார்: சிமெண்ட் கடைக்காரர். அவருக்குப் பின்னால் கத்தியும் கையுமாக, கண்ணை மூடாமல் நிற்பவன் நான்.