உங்கள் ரம்பத்தில் இப்போது பிரேக் பிடிக்கிறது, மாப்பிள்ளை

என் தங்கை பாவாயியைக் கட்டி, எனக்கு ஒரு தைரியமாக இருந்த பழனிச்சாமி மாப்பிள்ளைக்கு,

கைநாட்டு மச்சான் எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், நம்புங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. இந்த வயதில் போய்ச் சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு நாமக்கல் பேருந்து நிலையத்தில் யாரையும் கேட்காமல், பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து மோகனூர் பஸ்ஸில் ஏறினேன். ஏறிய பிறகும் மனசு கேட்கவில்லை. கீழே இறங்கி இன்னொரு தடவை படித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஏனுங் பெரியவரே, எதையாச்சும் தவற உட்டுட்டீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

எழுதப் பழகியதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான் என்று வைத்திருந்தேன். ஊர்ச் சேதி, மழைச் சேதி எல்லாம் எழுதலாம் என்றிருந்தேன். இன்றைக்கு நடந்ததில் அதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

உங்கள் மகளைக் கட்டிய மருமகன் கார்த்தி போர்வெல் வண்டி வேலையை விட்டுவிட்டான். குழந்தை பிறந்த பிறகு வடக்கே போய் மாதக்கணக்கில் கிடக்க மனமில்லை. உள்ளூரில் மரம் அறுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று, பரணில் கிடந்த உங்கள் ரம்ப மெஷினை இறக்கினான். நாம் சேலத்தில் பழையதாகப் பார்த்து வாங்கினோமே, அதேதான். நீங்கள் நெஞ்சுவலியில் போவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பரணில் ஏற்றிவிட்டீர்கள். ஏன் ஏற்றினீர்கள் என்று ஊருக்கே தெரியும். பிரேக் பிடிக்கவில்லை.

கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால், மூடிக்குள் இருக்கும் இரும்புப் பட்டை இறுகி, ஓடுகிற செயின் சட்டென்று நிற்க வேண்டும். ரம்பம் எகிறி முகத்துக்கு வந்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். உங்கள் மெஷினில் தடுப்பைத் தள்ளினாலும் செயின் அதுபாட்டுக்கு ஓடும். "பிரேக் புடிக்க மாட்டேங்குதுங்க மச்சான்" என்று எத்தனை முறை சொன்னீர்கள்! நான் டீக்கடையில் எல்லோரும் கேட்க, "பிரேக்குல ஒண்ணுமில்லீங்க மாப்ள, உங்க கையிலதான் கோளாறு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். அந்தப் பேச்சு அப்படியே உங்கள் மேல் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கோடரிக்கே திரும்பிவிட்டீர்கள்.

இன்று காலையில் கார்த்தி உங்கள் வீட்டு வாசலில் சாக்கை விரித்து மெஷினைப் பிரித்தான். நானும் கூட உட்கார்ந்தேன். முதலில் பிளக் ஒயரைக் கழற்றி வைத்தோம். பிறகு பக்கத்து மூடியைக் கழற்றினான். கழற்றும்போது தடுப்பு முன்பக்கம் தள்ளியபடியே இருந்ததைக் கவனிக்கவில்லை. திரும்ப மாட்டிப் பார்த்தால் மூடி உள்ளே போகவே இல்லை.

"மாமா, இது வேற மெஷின் மூடியாட்ட இருக்குதுங்க."

"அதே மூடிதான் சாமி. பிரேக்கப் போட்டபடியே கழட்டிட்டோம். உள்ள பட்டை இறுகிக் கெடக்குது, எப்படிப் போவும்?"

தடுப்பைக் கட்டையில் கொடுத்து அழுத்திப் பின்னால் இழுத்ததும் பட்டை விரிந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஸ்பிரிங் உடையவில்லை. இரும்புப் பட்டை தேயவில்லை. மரத்தூளும் அடைத்திருக்கவில்லை. ஆனால் பட்டையிலும், அது கவ்வுகிற டிரம்மிலும் கறுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தேன்.

விளக்கெண்ணெய், மாப்பிள்ளை.

ஆயுத பூஜைக்கு நம் இரண்டு வீட்டு ஆயுதங்களையும் என் வீட்டில்தானே வைப்போம். அரிவாள், மண்வெட்டி, கோடரியோடு உங்கள் ரம்பமும் வரும். வண்டி அச்சுக்குப் போட்ட பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் போடுகிறவன் ஊரில் நான் ஒருவன்தான். வெளியே பூசினால் போதுமா, உள்ளே இருக்கிற இரும்பு என்ன பாவம் செய்தது என்று மூடியைத் திறந்து பட்டைக்கும் தாராளமாக ஊற்றுவேன். பளபளவென்று இருக்கும். பொட்டு வைத்துக் கும்பிடுவேன். பூஜை முடிந்து வேலைக்குப் போனதும் நீங்கள் பிரேக்கைக் குறை சொல்வீர்கள். இதையும் அதையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. வழுக்குகிற பட்டை எதைப் பிடிக்கும்?

பெட்ரோல் தொட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்து, டிரம்மை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டினோம். கார்த்தி மெஷினை ஓடவிட்டுத் தடுப்பைத் தள்ளினான். செயின் அப்படியே நின்றது. மறுபடி ஓடவிட்டான், மறுபடி நின்றது. "மாமா, நீங்க பெரிய மெக்கானிக்குங்க!" என்று குதித்தான். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நிமிஷம் உங்களை மறந்தேபோனேன்.

சத்தம் கேட்டுப் பாவாயி காபியோடு வந்தாள். சுவரில் இருக்கும் உங்கள் படத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? என்ற அண்ணன் கை பட்டதும் நின்னுபோச்சு. நீங்களுந்தான் வெச்சிருந்தீங்க, கெடுத்துப் பரண்ல போட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உங்களோடு தினமும் பேசுகிற பேச்சுதான்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் காபியை வாங்கிக் குடித்தேன். "சக்கரை போதுமாண்ணா?" என்றாள். போதும் என்றேன்.

உங்களுக்குத் தெரியுமா, மாப்பிள்ளை? எப்போதாவது அந்த மூடியைத் திறந்து மோந்து பார்த்தீர்களா? தெரிந்தும், பெண் கொடுத்த வீட்டு மச்சான் மனசு நோகக் கூடாது என்று சொல்லாமல் இருந்தீர்களா? அப்படி இருந்திருந்தால் நான் என்ன செய்வேன்?

இந்தத் தாளைப் பாவாயி கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடலாமா என்றும் யோசித்தேன். அவளும் வகுப்புக்கு வருகிறாள், என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். ஆனால் உங்களைக் கேலி பேசியது என் வாய். அதே வாய்தான் இதையும் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் கார்த்தி மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன், அவனையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூஜைக்கு அவனே எண்ணெயை ஊற்றுவான்.

பாவாயி திட்டினால் தாங்கிக்கொள்வேன். அவள் திட்டமாட்டாள் என்பதுதான் பயமாக இருக்கிறது. இத்தனை காலம் உங்களைச் சொன்ன சொல்லெல்லாம் நினைவுக்கு வந்து, உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அழுவாள். அவள் அழுது ஓயும்வரை நான் அந்த வீட்டை விட்டு எழுந்து போகமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பாவாயியின் அண்ணன்,
சின்னுசாமி