வெள்ளிக்கிழமை ரத்தம்

7 ஜூன் 2094, திங்கள், காலை 9.10
கடலில் மிதக்கும் குடியிருப்பு, மிதவை 7, ஆய்வறை. கரையிலிருந்து 140 கிலோமீட்டர். அறுபது வீடுகள், வீட்டுக்கு ஒருவராக அறுபது ரத்த மாதிரிகள். ஒன்பதில் மலேரியா ஒட்டுண்ணி. எட்டு, மாத்திரைக்குச் சாகும் வகை. 31ஆம் வீடு மட்டும் சாகாத வகை; அங்கே யாருக்கும் காய்ச்சல்கூட இல்லை. நோய்ப் பரவலைக் கணக்கிடும் என் மாடல் சொன்னதும் இதுவே. 31க்கான புது மருந்து பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமைப் படகில் வரும். அதற்கு வசதியாக இனி வெள்ளியன்று ரத்தம் எடுக்கச் சொல்கிறது கரை அலுவலகம்.

18 ஜூன், வெள்ளி, பகல் 2.40
அறுபதிலும் ஒட்டுண்ணி. அறுபதும் சாகாத வகை. ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கைகூட ஒன்றுபோல.
கருவியைக் கழுவி மறுபடி ஓட்டினேன். அதே விடை. பதினொரு நாளில் ஒன்று அறுபதாகாது. கொசுவின் உடலில் ஒட்டுண்ணி முதிரவே பத்து நாள் வேண்டும்.

மாலை 4.55
மாடலை ஓட்டுவது இது ஐந்தாவது முறை. மாடலின் கோடு ஒரு பக்கம், மாதிரிகளின் புள்ளிகள் ஒரு பக்கம். பென்சிலை உடைத்துவிட்டேன். பத்து நாளை இரண்டாக்கினால் மட்டும் பொருந்துகிறது. அப்படிப்பட்ட கொசு உலகத்தில் கிடையாது.

மாலை 5.20
கரை: "ரத்தம் பொய் சொல்லாதும்மா. உன் மாடல்லதான் தப்பு. நம்பரைச் சரிபண்ணி ஆறு மணிக்குள்ள அனுப்பு."
ரத்தம் எடுக்கும் சுடலைவடிவு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைவிட இருபது வயது மூத்தவர், சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மேலே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று நம்பியே பழக்கம்.
இரண்டு என்று போட்டேன். அனுப்பினேன்.

19 ஜூன், சனி, காலை 11.00
படகு வரவில்லை.
கரை: "மிதவை ஏழு அடைக்கப்பட்டது. சாகாத வகை கரைக்கு வரக் கூடாது. உணவு மட்டும் வானிலிருந்து இறக்கப்படும். மறு ஆய்வு தொண்ணூறு நாளில்."

21 ஜூன், திங்கள், காலை 10.15
நேரில் கேட்க வாய் வரவில்லை. வாக்கிடாக்கியில் கேட்டேன். எல்லாம் எப்படி ஒரே மாதிரி இருக்கிறது, அக்கா?
சுடலைவடிவு அக்கா: "ஏட்டி, வெள்ளிக்கெழமை வீட்டுல ரத்தம் சிந்தப்புடாதுன்னு ஒருத்தியும் கதவத் தெறக்கல. ஊசியோட வாரா பாரு பேயின்னு ஏச்சு வேற. உனக்கோ அறுபது வேணும். என் ஒடம்புல என்ன ரத்தமா இல்ல? எல்லாத்தையும் என் வெரல்லயே எடுத்துட்டேன். கரையில போட்டுக் குடுத்துராத, என்ன?"
அக்காவின் வீட்டு எண் 31.

மாலை 4.30
அவரையே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அறுபதில் சாகாத வகை ஒன்றே ஒன்று. மூன்று முறை கரைக்கு அனுப்பிவிட்டேன்.
கரை: "வேகமான பரவலை உறுதிசெய்தது உன் மாடல்தானேம்மா. உன் கையெழுத்து இருக்கு. இப்ப மாத்திப் பேசினா எப்படி?"
புது மருந்து அவர்கள் கிடங்கில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மூன்று மாத்திரை. அவ்வளவுதான் கேட்டேன்.

26 ஜூலை, திங்கள், காலை 9.00
புதிதாக 30, 32, 33, 12ஆம் வீடுகள். நான்கும் சாகாத வகை. 33இல் கைக்குழந்தை. பழைய மாத்திரையைத்தான் கொடுக்கிறோம். கொடுக்காமலும் இருக்க முடியவில்லை.
அக்கா இப்போது வாக்கிடாக்கியை எடுப்பதில்லை.

30 ஆகஸ்ட், திங்கள், காலை 8.20
இரண்டை அழித்துப் பத்தைப் போட்டேன். மாடல் சொன்னது இருபத்திரண்டு வீடுகள். எண்ணியதும் இருபத்திரண்டு. கோடும் புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று. இதற்காகத்தானே பென்சிலை உடைத்தேன்.

காலை 8.50
ஆய்வறைக்கு வீட்டு எண் கிடையாது. 61 என்று எழுதினேன். என் விரல். சாகாத வகை.

பகல் 1.00
குளிர். எழுத்து கோணுகிறது. மறு ஆய்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
படிப்பவர்களுக்கு: கொசுவுக்குப் பத்து நாள். இரண்டு அல்ல. யாரும் சொல்லி அல்ல, நான்தான் அதை