போர்டில் நான் எழுதிய நம்பர்

23.11.2009, திங்கள்

காலையிலேயே மூட்டம். மூஞ்சிக்கல்லுல பஸ் மாறி வில்பட்டி போய்ச் சேர்றதுக்குள்ள சேலை முழங்கால் வரைக்கும் ஈரம்.

எட்டாம் வகுப்புல கௌசல்யா இன்னைக்கும் வரல. போன வாரத்துலருந்தே இல்ல. காய்ச்சலா இருக்கும்னு நினைச்சேன். பக்கத்துல உக்கார்ற புள்ளைகிட்ட கேட்டா, "அவங்கப்பா இனி வேணாம்னுட்டாரு டீச்சர்"னுது. ஏன்னு கேட்டதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. நாளைக்கு வீட்டுக்கே போய்ப் பாக்கணும்.

வாங்க வேண்டியது: ரவை, சாக்பீஸ் டப்பா, பிரபுவுக்கு இருமல் மருந்து.

பிரபு வெரசா கடையச் சாத்திட்டு வந்தான். கையில ஒரு கவர். எனக்கு ஊதா கலர்ல ஸ்வெட்டர். "எத்தனை வருசமாக்கா அந்தப் பழசையே மாட்டிட்டுப் போவ?" செல்போன் கடை வச்சு ஒரு வருசம்கூட ஆகல. தம்பி தலையெடுத்துட்டான். அம்மா இருந்திருந்தா பாத்திருக்கும்.

24.11, செவ்வாய்

ஸ்கூல் விட்டதும் கௌசல்யா வீடு. சறுக்கல் மண், ரெண்டு தடவ விழப்பாத்தேன்.

அப்பா ராமையா. கேரட் தோட்டத்துல கூலி. அவருக்குச் சின்ன வயசா இருக்கும்போது சிலோன் எஸ்டேட்லருந்து வந்த குடும்பம். அதிர்ந்து பேசாத மனுசர். "வாங்க டீச்சர். ஒங்ககிட்ட மறைக்க என்ன கெடக்கு? புள்ள யாரோ பொடியனோட கதைக்குது."

செல்லை எடுத்துக் காட்டினார். ரீசார்ஜ் போட்டா மறுநாளே காசு குறையுது, அடுத்த நாள் இன்னும் குறையுது. நாளைக்கு எந்தத் தோட்டத்துல வேலைன்னு மேஸ்திரிக்கு ஃபோன் போட்டுத்தான் கேக்கணும். மிஸ்டு கால்கூடப் போகல. வேலை வேற ஆளுக்குப் போயிருச்சு. அதுகூடப் பரவாயில்லைங்கிறார். ஒரு மெசேஜ் வந்துச்சாம். இவருக்குப் படிக்க வராது. டீக்கடையில ஒருத்தன்கிட்டக் குடுத்திருக்கார். அவன் சத்தமாப் படிச்சிருக்கான்: "தனியா இருக்கீங்களா? உங்க தோழன் காத்திருக்கான். பேச இந்த நம்பரை அழுத்துங்க." கடையே சிரிச்சிருக்கு.

"செல்லைத் தொடுறது இவ மட்டுந்தான் டீச்சர். திருப்பூர்ல தங்கச்சி இருக்கு. பனியன் கம்பெனிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

கௌசல்யா அடுப்பு பக்கம் நின்னா. கண்ணெல்லாம் வீங்கி. நானும் அதையேதான் கேட்டேன். "யாரும்மா அது?"

"யாருமே இல்ல டீச்சர். நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்கள்ல, சைக்கிள் போட்டி. அந்த நம்பருக்கு மட்டுந்தான் அனுப்பினேன்."

அந்த நம்பர் பிரபு குடுத்தது.

குழந்தைகள் தின விழாவுக்கு பிரபு வந்தான். நான்தான் ஹெச்.எம்.கிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். எல்லாருக்கும் பேனா குடுத்தான். பொது அறிவுப் போட்டி, ஜெயிச்சா சைக்கிள்னான். அவன் நம்பர் சொல்லச் சொல்ல நான் போர்டுல எழுதினேன். பெருசா, கடைசி பெஞ்சுக்கும் தெரியற மாதிரி. "வீட்டு செல்லுலருந்து மெசேஜ் அனுப்புங்க, காசு கிடையாது"ன்னும் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே.

ராமையாகிட்ட, திருப்பூர் அனுப்பாதீங்க, ரெண்டு நாள் பொறுங்கன்னேன். சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

25.11, புதன்

குளிர். அடுப்பு பத்த மாட்டேங்குது.

வகுப்புல கேட்டேன், சைக்கிள் போட்டிக்கு யார் யார் அனுப்பினதுன்னு. முக்கால்வாசிக் கை மேல. சைக்கிள் யாருக்கு டீச்சர்னு ஒரு குரல் வேற. யார் வீட்ல எல்லாம் காசு போகுதுன்னு கேட்டேன். கை இறங்கவே இல்ல. முதல் பெஞ்ச் மணிகண்டன் சொன்னான்: "கேம் விளையாடித் தீத்துட்டேன்னு எங்கம்மா கரண்டியால சாத்துச்சு டீச்சர். நான் விளையாடவே இல்ல." எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

சாயங்காலம் பிரபுகிட்டக் கேட்டேன். முகம் வாடிப்போச்சு. "அந்த நம்பருக்கு மெசேஜ் போனா தினம் காசு புடிப்பாங்கன்னு எனக்கே தெரியாதுக்கா. போட்டி நடத்துற கம்பெனி ஏஜென்ட் என்னையவும் ஏமாத்திட்டான். நாளைக்கு முதல் சோலியா எல்லார் நம்பரையும் கட் பண்ணச் சொல்றேன்." அம்மா படத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணான்.

நிம்மதி. அவனும் பாவம். ராமையாவுக்கு ஃபோன் பண்ணி, காரணம் தெரிஞ்சிருச்சு, நேர்ல வந்து சொல்றேன்னேன். "ஓம் டீச்சர்" மட்டும் சொன்னார்.

26.11, வியாழன்

மழைக்கு லீவு. வில்பட்டி ரோட்டுல மரம் விழுந்து பஸ் இல்ல. ராமையாவைப் பாக்கப் போக முடியல.

பிரபு சாப்பாட்டு கேரியரை மறந்துட்டுப் போயிருந்தான். கடைக்குக் கொண்டுபோனேன். சாரலுக்காக முன்னாடி தார்ப்பாய் இறக்கி விட்டிருந்தான். உள்ள ஃபோன்ல பேசுற சத்தம். சிரிச்சுச் சிரிச்சுப் பேசினான்.

"இல்ல சார், ஒண்ணும் நிறுத்த வேணாம். அக்காகிட்டச் சொல்லிச் சமாளிச்சுட்டேன்... ஆமா சார், டீச்சர் சொன்னா புள்ளைங்க கேள்வி கேக்காம அனுப்பும், அதான் நமக்குப் பிளஸ்... பூம்பாறை ஸ்கூல்லயும் அக்காவுக்குத் தெரிஞ்ச டீச்சர் இருக்கு. அரையாண்டுப் பரீட்சைக்குள்ள அங்கயும் முடிச்சுரலாம், என் கமிஷனை மட்டும் வெரசாப் போட்டு விடுங்க."

தார்ப்பாயைத் தூக்கினேன். செல் காதுல இருக்க அப்படியே நின்னான்.

"ஏலே பிரபு. என்னைய வச்சாடா பண்ணின?"

செல்லைச் சட்டைப் பையில போட்டான். அப்புறம், "ஒரு செல்லுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு ரூவாதான் புடிப்பாங்கக்கா. யாரும் செத்துரப் போறதில்ல. ஊர்ல எல்லாக் கடைக்காரனும் பண்றதுதான்."

"அந்த மெசேஜ்?"

"அது கம்பெனி அனுப்புறது. புள்ளைங்களுக்கும் போகும்னு நான் கண்டேனா?"

கேரியரைக் கவுண்டர்ல வச்சுட்டு வந்துட்டேன். நனைஞ்சுக்கிட்டே நடந்தேன். குடை கையிலதான் இருந்துச்சு. விரிக்கத் தோணல. நேத்து அம்மா படத்தத் தொட்டான். அதத்தான் தாங்க முடியல.

27.11, வெள்ளி

வெள்ளனே கிளம்பிட்டேன். ஸ்கூலுக்கு முன்னாடி ராமையா வீடு. கௌசல்யா இல்ல. நேத்துக் காலையில முதல் பஸ்சுக்கே மாமன்கூட அனுப்பிட்டாராம். மரம் விழறதுக்கு முன்னாடியே போயிட்டா.

எல்லாத்தையும் சொன்னேன். போட்டி, நம்பர், என் தம்பி. ராமையா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அப்ப எம்புள்ள பொய் சொல்லலையா?"

"இல்லங்க."

சட்டையை மாட்டிட்டு அப்பவே பஸ்சுக்குக் கிளம்பினார். என்னைத் திரும்பிப் பாக்கல.

ஹெச்.எம். சொல்றார்: "ஏஜென்ட் ஏமாத்திட்டான்னு மட்டும் சொல்லுங்க போதும். உங்க தம்பி பேரு எதுக்கு? ஸ்கூல் பேரும் கெடும்." பெத்தவங்களை நாளைக்கு வரச்சொல்லிப் புள்ளைங்ககிட்டச் சொல்லி விட்டுட்டேன்.

28.11, சனி

முப்பது பேருக்கு மேல. பாதிப் பேர் தோட்டத்துலருந்து அப்படியே, கையில மண்ணோட.

தம்பி பேரைச் சொன்னேன். ஒருத்தரும் திட்டல. திட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒவ்வொரு செல்லா வாங்கி நிறுத்தச் சொல்லி மெசேஜ். சிலது நின்னுச்சு. நிக்காததுக்கு கஸ்டமர் கேர். பாட்டு, மறுபடி பாட்டு, அப்புறம் ஒரு பொண்ணு: "நீங்கதான் மேடம் ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்க." புள்ளைங்க பண்ணினதுன்னேன். "எங்க சிஸ்டத்துல வயசு வராது மேடம்." மத்தியானம் தாண்டிருச்சு. இன்னும் ஆறேழு செல் பாக்கி. மணிகண்டன் அம்மா அவனை இழுத்து அணைச்சுக்கிட்டது. அவன் கூச்சத்துல நெளிஞ்சான்.

29.11, ஞாயிறு

பிரபு துணியெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டான். கடையிலயே படுத்துக்கிறானாம். வாசல்ல நின்னு, "ஊரான் புள்ளைக்காகக் கூடப்பொறந்தவன் பேர நாறடிச்சுட்ட. நல்லா இரு"ன்னான். சாப்பிட்டுப் போடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. சட்னி அரைச்சது வீணாப் போச்சு.

30.11, திங்கள்

வெயில். பத்து நாளைக்கு அப்புறம் எதிர் மலை தெரியுது.

காலையில ஸ்கூல் கேட் பக்கத்துல நாலஞ்சு பேர். ராமையாவும் பக்கத்துல கௌசல்யாவும். யூனிஃபார்ம், எண்ணெய் வச்சு ரெட்டைச் சடை. பாத்ததும் சந்தோசத்துல கிட்டப் போனேன். யாரும் வழி விடல.

அதுல ஒருத்தர்தான் கேட்டார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து மூஞ்சிக்கல்லுல ஒங்க தம்பி சொன்னாப்ல, இதுல ஒங்களுக்கும் பங்கு உண்டாம்ல? பங்குல தகராறு வந்துதான் காட்டிக் குடுத்துட்டீங்களாம்."

இல்லைங்கன்னேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டுச்சு. ஊதா ஸ்வெட்டரை வேற போட்டிருந்தேன். ராமையா தரையைப் பாத்துட்டு நின்னார்.

அப்ப கௌசல்யா, "டீச்சருக்குத் தெரியாதுப்பா"ன்னா.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"ன்னார் அந்த ஆள்.

"அவங்கதான் தெரியாதுன்னு சொல்றாங்கல்ல."

சொல்லிட்டுப் பையை மாட்டிக்கிட்டு வகுப்புக்கு நடந்துட்டா. செவ்வாய்க்கிழமை அந்தப் புள்ளை யாருமே இல்லைன்னு சொன்னப்ப, அந்த வீட்ல யாரும் இப்படிச் சொல்லல. நானும் சொல்லல.

பெல் அடிச்சதும் உள்ள போனேன். வருகை எடுத்தேன். அவ பேரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்"னா.