ஆணியில் தொங்கும் சிவப்புப் பட்டை

இன்று காலை கடையைத் துடைக்கும்போது அந்தச் சிவப்புப் பட்டைத் துண்டை ஆணியிலிருந்து எடுத்தேன். ஒரு முழம்கூட இருக்காது. முனையில் நான் போட்ட இரட்டைத் தையல் இன்னும் பிரியவில்லை. நீ மாட்டிய நாளிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை. தூசி தட்டி மறுபடி மாட்டிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். மார்டள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். கௌதள்ளியில் எட்டாவது வரை போனவள் என்று பீற்றிக்கொள்வாயே, திருத்திப் படித்துக்கொள்.

அக்ரஹாரம் கடைத்தெருவில் நாம் சீட் கவர் கடை போட்டு இரண்டாவது வருஷம் அது. தையல் என் பாடு, போல்ட்டும் ஸ்பேனரும் உன் பாடு. உன் அண்ணன் பட்டறையில் வளர்ந்தவள் நீ. ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கிற ஒருவர், காரில் மாட்டச் சொல்லி அதற்கென்று இருக்கும் பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவே இரண்டு என்று ஆறு பட்டை. நீ சாப்பிடப் போன நேரம். தோளுக்குப் போகும் பட்டை இத்தனை நீளமாகத் தொங்குகிறதே என்று நான் அளவாக வெட்டி, மடித்து, மெஷினில் கொடுத்துத் தைத்துவிட்டேன். நீ வந்ததும் பெருமையாகக் காட்டினேன்.

நீ விரலால் தடவிப் பார்த்தாய். "தையல் சோக்கா இருக்குது புள்ள. ஆளுதான் இருக்கமாட்டான்" என்றாய்.

வெட்டித் தைத்த பெல்ட் வண்டி மோதும்போது தாங்காது, யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அதை அங்கேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டாய். ஒரு துண்டை மட்டும் என் மெஷினுக்கு நேர் எதிரே ஆணியடித்துத் தொங்கவிட்டாய். மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் புது பெல்ட் வந்தது. என்னை இழுத்துக்கொண்டுபோய்க் காருக்குள் உட்காரவைத்துக் காட்டினாய். தோளுக்கான பட்டை சீட்டின் ஓட்டை வழியாக நேராகப் பின்னால் போகவேண்டும், கீழே இறங்கினால் முதுகெலும்பு நசுங்கும். பின்னால் உள்ள இரும்புக் கம்பியைச் சுற்றிக் கொக்கிக்குள் நுழைந்த பட்டையின் முனை, அதே கொக்கிக்குள் இன்னொரு தடவை திரும்பி வரவேண்டும்.

"போனது திரும்பி வந்தாத்தான் புள்ள பிடி. இல்லாட்டி அது சும்மா அலங்காரம்."

போன ஆடியில் ஆஸ்பத்திரிக்கு உன் காலாலேயே நடந்து போனாய். நீ திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் பெல்ட் வேலை கேட்டு வந்தவர்களை எல்லாம் வேறு கடைக்கு அனுப்பினேன். தையல் மட்டும்தான் என்றேன். அப்படி இருக்கையில் ஒருநாள் உன் மகள் உன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பின் சீட்டைக் கழற்றியிருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் டிராக்கில் ஓட்டப்போகிறாளாம். "சித்தி, பெல்ட் நீங்களே போட்டுக்கொடுங்க, ஆய்த்தா?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டாள். பெங்களூரில் பெரிய கடைகள் இருக்கின்றன, அங்கே போ என்றேன். அவள் சுவரில் இருந்த சிவப்புத் துண்டைக் காட்டி, "அங்க இதெல்லாம் மாட்டி வெச்சிருக்கமாட்டாங்க" என்றாள். உன் வாய் அப்படியே.

அவள் வாங்கி வந்த பெல்ட் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் காகிதத்தை அவள் கன்னடமும் தமிழுமாகப் படித்துச் சொன்னாள். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் உன் பேச்சு எனக்கு முன்னால் வந்து நின்றது. இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, எலும்பில் உட்காரவேண்டும். தரையில் போடும் போல்ட்டுக்கு அடியில் கனமான தகடு வைக்கவேண்டும். முதலில் இடுப்பை இறுக்கு, அப்புறம் தோள். இரண்டு நாள் காருக்கு அடியிலேயே கிடந்தேன்.

முடிந்ததும் அவளை உட்காரவைத்து மாட்டி, பின்னால் நின்று ஒவ்வொரு பட்டையாக என் பலம் அத்தனையும் போட்டு இழுத்தேன். வலது தோளின் பட்டை ஒரு விரல் அளவு நழுவியது.

பின்னால் குனிந்து கொக்கியைப் பார்த்தேன். இடதில் முனையைத் திருப்பி விட்டிருந்தேன், வலதில் விடவில்லை. அந்த நேரத்தில் நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன், வேறென்ன. உன்னை நினைத்தே உன் மகளைக் கொன்றிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறு பட்டையையும் அவிழ்த்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் உன் வாக்கை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் கட்டினேன். மறுபடி இழுத்தேன். கார்தான் ஆடியது.

விடிந்ததும் கிளம்பினோம். திம்பம் மலைப்பாதை வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினேன். டிராக்கில் பரிசோதனைக்கு வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் இருந்த வண்டியைப் பெல்ட் சரியில்லை என்று ஓரம் கட்டினார்கள். எங்கள் முறை வந்தது. பரிசோதிக்கிறவர் உள்ளே குனிந்து, சீட்டில் முட்டியை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். அப்புறம் பின்னால் போய் விளக்கடித்துக் கொக்கியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு போட்டதுங்க?"

உன் மகள் என்னைக் காட்டினாள். அவர் என் புடவையையும் ரப்பர் செருப்பையும் பார்த்தார். "நீங்களேங்களா?"

"நாங்க ரெண்டு பேருங்க" என்றேன்.

மற்றவர் யார் என்று அவர் கேட்கவில்லை. காலையிலிருந்து பார்த்ததில் இதுதான் சுத்தமான வேலை என்று சொல்லி, தேறிய வண்டிக்குக் கட்டும் பச்சை அட்டையைக் கொடுத்தார்.

ஓட்டினாள் பார், உன் மகள். ஒரு வளைவில் பின்பக்கம் வீசி வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவள் அசையவே இல்லை, தொட்டிலில் கட்டிய பிள்ளை மாதிரி. வண்டியைத் திருப்பி மறுபடியும் ஓட்டினாள். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கி வந்து சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினாள். இரண்டு பக்கமும் சிவப்பாகப் பட்டை பதிந்திருந்தது. "அம்மா பிடிச்ச மாதிரியே இருந்துச்சு சித்தி" என்றாள்.

அந்தப் பச்சை அட்டை என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் என் தப்பு மட்டும் தொங்கிய ஆணியில், சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் அதையும் இப்போதுதான் கட்டினேன். கட்டும்போது கை தானாக நூலின் முனையை இன்னொரு தடவை திருப்பி உள்ளே விட்டது. இழுத்துப் பார்த்தேன். பிடித்திருக்கிறது, புள்ள.