214ஆம் பக்கத்தில் குறையும் ஒரு ரன்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நகர லீக் கிரிக்கெட்டின் ஐம்பது ஆண்டு வரலாறாக நீங்கள் எழுதிய புத்தகத்தை முழுவதும் படித்தேன், பின்னிணைப்பில் இருக்கும் பட்டியல்களையும் சேர்த்து. மூன்று முறை புதுப்பித்து எடுத்ததில் எங்கள் பள்ளி நூலக ஆசிரியை, "பேசாம உனக்கே எழுதிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டார். பிழைகளைச் சுட்டிக்காட்டினால் இரண்டாம் பதிப்பில் திருத்துவதாக முன்னுரையில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் சின்னப் பிழை. 88ஆம் பக்கத்துப் படத்தில் இருப்பவரை இடக்கை ஆட்டக்காரர் என்று போட்டிருக்கிறது. அவர் வலக்கைதான். படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. சட்டைப் பை வலது மார்பில் இருப்பதைப் பாருங்கள்.

பெரிய பிழை 214ஆம் பக்கத்தில். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு நடந்த இறுதி ஆட்டம். நீங்கள் கேப்டனாக இருந்த பேருந்துப் பணிமனை அணி 187 ரன். எதிரணி 179, ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஓவரில் அவர்களுக்கு ஒன்பது ரன் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது இது: முதல் பந்தில் ஒன்று, இரண்டாவதில் ஒன்றுமில்லை, மூன்றாவதில் ஒன்று. நான்காவது பந்தைத் தூக்கி அடிக்க, எல்லைக்கோட்டருகே கைக்கு வந்த கேட்ச் நழுவியது, இரண்டு ரன் ஓடினார்கள். ஐந்தாவது பந்து பவுண்டரி. கேட்சோடு கோப்பையும் போனது என்று முடித்திருக்கிறீர்கள்.

கூட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. மறுபடி கூட்டினேன், எட்டுதான். இந்தப் பக்கத்தின்படி ஆட்டம் சமனில் முடிந்திருக்க வேண்டும். 320 பக்கத்தில் நான் கூட்டிப் பார்த்த வேறு எந்தக் கணக்கும் உங்களுக்குத் தப்பவில்லை.

நான் யார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கேட்சை விட்டவர் என் அப்பா.

அப்பா இன்றும் அதே பணிமனையில்தான் ஃபிட்டர். அங்கே அவர் பெயர் 'ஓட்டைக்கை'. ஸ்பேனர் கேட்டால், "ரெண்டு கையாலயும் வாங்குப்பா" என்பார்களாம். கேண்டீனில் டீ கொடுப்பவர்கூட, "கெட்டியாப் புடிங்கண்ணே, கண்ணாடி டம்ளர்" என்பாராம். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பழக்கம்தான். பாதிப் பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டோம். சாவியோ சோப்போ, எழுந்து போய்க் கையில்தான் கொடுப்போம். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

இரண்டு மாதமாக அப்பா வேலைக்குப் போகவில்லை. இதயத்தில் கோளாறு. பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா மருத்துவமனை நடைபாதையிலேயே நின்றுவிட்டார். நர்ஸின் பேனா வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் கையிலேயே இருந்தது.

அப்பாவுக்குப் பொழுது போக வேண்டுமே என்று உங்கள் புத்தகத்தைத் தினமும் மாலையில் வாசித்துக் காட்டினேன். 214 வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டப் பார்த்தேன். "பாப்பா, ஏமாத்தாத. படி" என்றார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றார்.

அதன் பிறகுதான் எனக்கு முதன்முதலாக அந்த நாளைப் பற்றிச் சொன்னார். பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாராம். கண்ணில் வெயில். விழுந்ததில் மணிக்கட்டு முறிந்து, அடுத்த பந்து போடுவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் மருத்துவமனைக்கு வந்தது நீங்கள் ஒருவர்தானாம். கட்டிலில் உட்கார்ந்து, "விடுடா, உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல" என்றீர்களாம். "கேப்டனே மன்னிச்சுட்டார், மத்தவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கன்னு நெனச்சுத்தான் திரும்ப வேலைக்கே போனேன் பாப்பா" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

எனக்கு மட்டும் அந்த ஒரு ரன் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னிணைப்பில் 301ஆம் பக்கத்தில் அதே ஆட்டத்தின் உதிரி ரன்களைப் பார்த்தேன். பை நான்கு, லெக் பை ஆறு, நோபால் ஒன்று. அந்த நோபால் எந்த ஓவரில் வந்தது?

சனிக்கிழமை லீக் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் குமாஸ்தா, "பரீட்சைக்குப் படிக்கிற வயசுல ஸ்கோர் புக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இரும்பு அலமாரியைத் திறந்தார். கடைசி ஓவரின் கட்டத்தில் இப்படி இருந்தது: 1, புள்ளி, 1, வட்டத்துக்குள் 2, புள்ளி, 4. வட்டம் போட்டால் நோபால். அதில் ஓடிய இரண்டோடு நோபாலுக்கென்று தனியாக ஒரு ரன்னும் சேரும், பந்தை எண்ணாமல் மறுபடி ஒன்று போட வேண்டும். உங்கள் பக்கத்தில் குறைந்த அந்த ஒரு ரன் அங்கே இருந்தது.

நோபாலில் கேட்ச் பிடித்தாலும் அவுட் கிடையாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதைப் பிடித்திருந்தாலும் அந்த ஆட்டக்காரர் அங்கேயேதான் நின்றிருப்பார். அந்த ஓவரைப் போட்டவர் பெயரும் ஸ்கோர் புக்கில் இருக்கிறது. அது உங்கள் பெயர். மற்ற ஆட்டங்களில் எல்லாம் பந்து வீசியவர் பெயரை எழுதும் நீங்கள், 214ஆம் பக்கத்தில் மட்டும் 'வீசப்பட்ட பந்து' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது குமாஸ்தா சொன்னார்: "புத்தகம் எழுதினாரே, அவரும் இந்த நோட்டைத்தான் ஒரு நாள் முழுக்க வச்சுட்டு உக்காந்திருந்தார். சாப்பிடக்கூடப் போகல."

அன்று விக்கெட் கீப்பராக இருந்த மாமாவைப் பேருந்து நிலையத்தில் பார்த்துக் கேட்டேன். இப்போது ஓட்டுநராக இருக்கிறார். "அம்பயர் கை நீட்டின மாதிரிதான் இருந்துச்சு. அந்தக் கூச்சல்ல யாருக்கும்மா காது கேட்டுது?" என்றார். அப்புறம், "தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன? தோத்தாச்சு. யாரையாவது திட்டணும்ல" என்றார். வண்டியை எடுத்தவர், கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. நான் சொன்னால், பெண் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்பார். நோட்டைப் படம் எடுத்துக் காட்டலாம். காட்டினால் அவருக்கு ஒன்று கிடைக்கும், ஒன்று போய்விடும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து சொன்ன அந்த வார்த்தை போய்விடும். இத்தனை வருடம் அதைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனவரிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களே சொன்னால் இரண்டும் அவரிடமே இருக்குமோ என்று தோன்றுகிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பின்னிணைப்பில் 'நோபால் ஒன்று' என்பதை நீங்கள் நீக்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நீக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத முடிந்தது.

இரண்டாம் பதிப்பு மெதுவாக வரட்டும் ஐயா. அப்பாவைப் பதினாறாம் தேதி அரசு மருத்துவமனையில் சேர்க்கிறோம். இரண்டாவது மாடி, ஏழாம் எண் அறை. பார்க்கும் நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு வரை. பதினேழாம் தேதிக்குப் பிறகு எப்போது பார்க்க விடுவார்கள் என்று மருத்துவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு அனுமதிச் சீட்டுதான். நீங்கள் வந்தால் எங்களுடையதை உங்களிடம் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் படிக்கட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். வெளியே வந்து எங்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள் உடல்நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி