அச்சில் ஒரு சிவப்புக் குறி

மேல் கொட்டகை. நாள் 212. காலை 9.20

மேல் கொட்டகையிலிருந்து சங்கிலிபூதத்தான் பேசுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். நாளும் மணியும் அதுவே போட்டுக்கொள்ளும். இதுவரை மதிவாணி அம்மாதான் பதிவு சொன்னார். ஒன்றும் நடக்காத நாளிலும், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவைக்க வேண்டும் என்பார். அதனால் சொல்கிறேன்.

காற்று இயந்திரம் ஓடுகிறது. தண்ணீர் இருக்கிறது. வெளியே புழுதி பாதி அடங்கியிருக்கிறது. செவ்வாயில் புழுதி விழுவதற்கும் அவசரம் கிடையாது, மாவு சலித்த மாதிரி நாள் கணக்கில் இறங்கும்.

இங்கே மூன்று பேர் இருந்தோம். வானம் பார்க்க மதிவாணி அம்மா, கிரேன் ஓட்டப் பிலோமினா, தொலைநோக்கிக்கு முக்காலி நிறுத்தி எடை மாட்ட நான். ஊரில் மலை மேல் வானிலையத்தில் அம்மாவுக்கு நான் செய்துவந்த அதே வேலை. சூரியத் தகடு துடைக்கப் போன அம்மா புயலில் விழுந்துவிட்டார். தார்ப்பாயில் சுற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

பிலோமி கீழ்க் கொட்டகையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். மணல் சரிந்து அவள் கதவை மூடிவிட்டது. சுவரில் கீறல். இயந்திரம் விடாமல் ஊதினால்தான் அங்கே காற்று நிற்கும். வண்டி புதைந்துவிட்டது. நடந்து போக என் உடுப்பில் உள்ள காற்று பாதி வழிக்குத்தான் வரும். பேட்டரி எல்லாம் என்னிடம் இருக்கிறது. இங்கிருந்து ஒரே ஒரு கரண்ட் கம்பி அவளுக்குப் போகிறது.

கீழ்க் கொட்டகை: "அண்ணாச்சி, உசுரோட இருக்கியளா, இல்ல பெட்டி மட்டும் பேசுதா?"

மேல் கொட்டகை: "நீ போகாம நான் எங்க ஏட்டி போக. சாப்பிட்டியா?"

கீழ்க் கொட்டகை: "அந்தப் பசை மாவத்தான் தின்னேன். கண்ண மூடிக்கிட்டு சாள மீன் கொழம்புன்னு நெனச்சேன். நாக்கு நம்ப மாட்டேங்கு."

நாள் 213. பகல் 1.05

கப்பல் பேசியது. நாங்கள் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. பேச்சை அனுப்பும் கிண்ண ஆன்டெனாவைப் புயல் முறித்துவிட்டது. பெட்டி தமிழில் சொன்னபடி பதிகிறேன்:

"செவ்வாய் நிலையம் கவனிக்க. சரக்குக் கப்பல் உங்களைக் கடந்து செல்லவிருக்கிறது. உயிரோடு யாரேனும் இருந்தால், ஒளி விளக்கை எங்கள் மேல் ஒரு மணி நேரம் நிலையாக நிறுத்தவும். அடையாளத்துக்கு எங்கள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்று மாலையும் நாளை மாலையும் பார்ப்போம். ஒளி நிலைத்தால் படகு இறக்குவோம். இல்லையென்றால் நிற்க எரிபொருள் இல்லை."

ஒளி விளக்கு இருக்கிறது. அதைத் தொலைநோக்கிக் குழாயின் வழியே விட வேண்டும். கப்பல் அவ்வளவு தூரத்தில் ஒரு விண்மீன் மாதிரிதான், மற்ற மீன்களோடு சேர்ந்து வானத்தில் நகரும். விளக்கும் கூடவே நகர வேண்டும். குழாயைத் தாங்கும் பீடத்தில் அதற்காக ஓர் அச்சு உண்டு. வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறதோ, அந்தப் புள்ளியை அச்சு பார்த்திருக்க வேண்டும். பிறகு மோட்டார் ஒன்று மெல்லச் சுற்றினால் போதும், மீன் குழாயை விட்டுப் போகாது. அச்சு தப்பினால் எல்லாம் தப்பும்.

புயல் பீடத்தைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. முதலிலிருந்து நிறுத்த வேண்டும். மலை மேல் ஆயுசு முழுக்கச் செய்த வேலை. செய்துவிடுவேன்.

விளக்குக்கும் பிலோமியின் இயந்திரத்துக்கும் சேர்த்துக் கரண்ட் விட முடியாது, ட்ரிப் ஆகிவிடும். விளக்கு எரியும் ஒரு மணி நேரமும் அவள் இயந்திரம் நிற்கும்.

கீழ்க் கொட்டகை: "எனக்கு உடுப்புல ஒரு குப்பி காத்து இருக்கு அண்ணாச்சி. ஒரு மணி நேரம் மாட்டிக்கிடுதேன். நீங்க கைய ஆட்டாம நிறுத்துங்க, அது போதும்."

நாள் 213. மாலை 6.30

கொட்டகைக் காற்றை ரப்பர்க் குழலில் உடுப்புக்கு எடுத்துக்கொண்டு முக்காலியை நிறுத்திவிட்டேன். காலடியில் மணலைத் தோண்டிப் பாறையில் ஊன்றினேன். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறது. குழாய் ஒரு பக்கம், எடைக்கட்டி மறுபக்கம். கை எடுத்தால் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அச்சின் சாய்வைக் காட்டும் பித்தளைப் பட்டையில் மதிவாணி அம்மா நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு குறி வைத்திருந்தார். முள்ளை அந்தக் குறியில் நிறுத்திவிட்டு அச்சின் ஓட்டை வழியே பார்த்தேன். துருவ மீன் அங்கே இல்லை. புழுதி கிழிந்த இடத்தில் சப்தரிஷி ஏழும் தெரிந்தன. முன்னால் இருக்கும் இரண்டையும் கோடு இழுத்துப் போனேன். அதோ நிற்கிறது துருவ மீன், குறிக்கு ரொம்ப மேலே. கவிழ்ந்ததில் பட்டை நெளிந்திருக்கும் என்று தோன்றியது. நெளிந்த பட்டையை நம்புவதா, துருவ மீனை நம்புவதா? குறியை விட்டு அச்சை உயர்த்தித் துருவ மீனை ஓட்டையின் நடுவே கொண்டுவந்து திருகை இறுக்கினேன்.

இன்னொரு மீனில் வைத்துச் சோதிக்க நேரமில்லை. கப்பல் எழுந்துவிட்டது. சிவப்பாக, நல்ல பிரகாசம்.

பிலோமி குப்பியை மாட்டிக்கொண்டாள். கம்பியை மாற்றுகிறேன்.

நாள் 213. இரவு 8.15

நிற்கவில்லை.

பக்கத்துச் சின்னக் குழாயின் குறுக்குக் கம்பியில் கப்பலை வைத்தேன். விளக்கைப் போட்டேன். மூச்சு விடுவதற்குள் கப்பல் ஓரத்துக்குப் போனது. இழுத்து நடுவில் வைத்தேன். மறுபடியும் போனது. மோட்டார் ஓடுகிறது, சத்தம் கைக்குத் தெரிகிறது, ஆனால் வேறு எங்கேயோ ஓடுகிறது. ஒரு மணி நேரமும் கையால் துரத்தினேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போனது.

கப்பல்: "மேல் கொட்டகைப் பகுதியிலிருந்து விட்டுவிட்டு மினுக்கல் வந்தது. நிலையான ஒளி இல்லை. உடைந்த தகடு காற்றில் ஆடுவதாகக் குறித்துக்கொள்கிறோம். நாளை மாலை கடைசியாகப் பார்ப்போம்."

உடைந்த தகடு என்கிறான்.

பிலோமிக்குக் கம்பியைத் திருப்பி விட்டேன். அவளுடைய குப்பி தீர்ந்துவிட்டது. பேட்டரி ஊசி சிவப்புக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

வெளியே போய்த் துருவ மீனைப் பார்த்தேன். இறுக்கிய திருகு இறுக்கியபடி இருக்கிறது. முக்காலி அசையவில்லை. ஓட்டையில் துருவ மீன் இல்லை. கீழே இறங்கியிருக்கிறது.

என் கல்யாணத்தில் பட்டப்பகலில் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள், அருந்ததியும் துருவனும் தெரிகிறார்களா என்று. தெரிகிறது என்று நானும் பெண்டாட்டியும் ஒரே வாயாகப் பொய் சொன்னோம். கண்ணுக்குத் தெரியாதபோதும் அது அங்கேதான் இருக்கும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். அது இறங்கி நான் பார்த்ததில்லை.

நாள் 213. இரவு 9.00

நடந்ததைப் பிலோமியிடம் சொன்னேன். அவள் பேசியதை அப்படியே வைக்கிறேன்.

கீழ்க் கொட்டகை: "அண்ணாச்சி, ஏசப்பிடாது. ஒண்ணு கேக்கேன். என் கிரேன் சுத்துனா எது அசையாது? என் கிரேன் உச்சி."

மேல் கொட்டகை: "ஆமா."

கீழ்க் கொட்டகை: "பக்கத்துக் கிரேன் உச்சி எதுக்கு நிக்கணும்? அது பாட்டுக்குச் சுத்தத்தான செய்யும். துருவன் நம்ம ஊரு உச்சி, பூமிக்கு உச்சி. இங்க சுத்துதது இந்த ஊருல்லா."

பித்தளைப் பட்டையின் சிவப்புக் குறியை நினைத்துக்கொண்டேன்.

கீழ்க் கொட்டகை: "ஒத்துக்கிடுங்க. பொம்பள சொல்லிட்டாளேன்னு மூஞ்சியத் தூக்கப்பிடாது."

மேல் கொட்டகை: "மூஞ்சியத் தூக்கலடி. அந்தம்மா குறி வச்சிட்டுத்தான் போயிருக்கு. நான்தான் அத விட்டு நவுத்துனேன். உன் குப்பி போச்சே பிலோமி."

கீழ்க் கொட்டகை: "போனது போச்சு. அத விட்டுத் தள்ளுங்க. நாளைக்குச் சரியா வைங்க."

நாள் 214. விடியுமுன் 4.40

முள்ளைச் சிவப்புக் குறிக்கே கொண்டுவந்துவிட்டேன். சாய்வு சரி. இனி அச்சு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்த ஊரின் உச்சியில் மீன் கிடையாது. வெறும் இருட்டு. இருட்டை எப்படிக் குறிபார்ப்பது?

மலையில் மழைக்காலத்தில் வடக்கை மேகம் மூடிவிட்டால் அம்மா வேறு வழி செய்வார். அவர் கண் லென்ஸில் இருக்க, நான் திருகில் இருப்பேன். தெற்கு வானத்தில் உயரத்தில் ஒரு மீனைக் குறுக்குக் கம்பியில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டுச் சும்மா பார்ப்பது. மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் போயிருக்கிறது, மேற்கே தள்ளு. வடக்கே நழுவினால் கிழக்கே தள்ளு. அவர் சொன்ன ஒவ்வொரு "தள்ளு"வும் காதில் இருக்கிறது.

இன்று இரண்டு வேலையும் நானே. பார்ப்பேன், எழுந்துபோய்த் திருகுவேன், வந்து பார்ப்பேன். முதலில் மீன் ஓடியது. பிறகு நடந்தது. பிறகு நகர்ந்தது. கிழக்கில் எழுந்த ஒரு மீனையும் வைத்துப் பார்த்தேன், சாய்வைச் சோதிக்க. அது கம்பியை விட்டு எழும்பவே இல்லை. அம்மாவின் குறி மயிரிழை தப்பவில்லை.

இப்போது தெற்கு மீன் கம்பியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. வானம் வெளுக்கிறது. முக்காலியைச் சுற்றிக் கல் வைத்திருக்கிறேன், நானே இடறிவிடக் கூடாது என்று.

நாள் 214. மாலை 5.50

பேட்டரி பற்றி. பெட்டியைக் கணக்குப் போடச் சொன்னேன். விளக்கை ஒரு மணி நேரம் எரித்தால், மிச்சம் இருப்பதில் படகு வரும்வரை ஒரு கொட்டகைதான் ஓடும். அது பிறகு வருகிற சங்கதி. இப்போது சங்கதி அந்த ஒரு மணி நேரம். அவளிடம் குப்பி இல்லை.

மேல் கொட்டகை: "வேண்டாம் பிலோமி. வேற வழி பாப்போம்."

கீழ்க் கொட்டகை: "வேற வழின்னா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாவுறதா? நீங்க பாடுவியன்னா அது இன்னும் கொடும."

மேல் கொட்டகை: "கீறல் எவ்வளவு இருக்கு?"

கீழ்க் கொட்டகை: "வெரல் நீளம். மாவுப் பசையப் பூசி, மேல என் சேலையக் கிழிச்சு அடச்சிருக்கேன். திருவிழாவுக்குன்னு கொண்டாந்த சேல, இங்க எந்தத் திருவிழான்னு கேக்காதிய. ஒரு மணி நேரம் தாங்கும்னு மாதாகிட்ட சொல்லியிருக்கேன். போடுங்க அண்ணாச்சி. லைட்டப் போடுங்க. கம்பிய மாத்துனா இந்த ரேடியோவும் செத்துரும், அதனால இப்பவே சொல்லுதேன். எனக்கு ஒண்ணும் ஆகல. கரண்டு திரும்பி வந்ததும் மொத வேலையா என்னக் கூப்பிடுங்க."

கப்பல் எழுந்ததும் மாற்றினேன்.

நாள் 214. மாலை 7.35

நின்றது.

கப்பலைக் குறுக்குக் கம்பியில் வைத்துக் கையை எடுத்தேன். கடைசிவரை தொடவில்லை. தொட வேண்டிய வேலையே வரவில்லை. அவ்வளவு நன்றாக நின்றது. சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

கப்பல்: "ஒளி நிலையாக வருகிறது. இது மனிதர் நிறுத்திய விளக்கு என்று உறுதி செய்கிறோம். படகு இறக்குகிறோம். நாளை பகலில் தரை தொடும். எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். ஒருவர் என்றால் சிறிய படகு, விளக்கை ஒருமுறை மறைக்கவும். இருவர் என்றால் பெரிய படகு, இருமுறை மறைக்கவும்."

ஒரு மணி நேரம் முடியச் சற்று மிச்சம் இருந்தது. குழாய் வாயில் கையை வைத்து எடுத்தேன். மறுபடியும் வைத்து எடுத்தேன்.

"இருவர். பெற்றுக்கொண்டோம்."

கம்பியை அவளுக்கு மாற்றிவிட்டேன்.

நாள் 214. மாலை 7.50

மேல் கொட்டகை: "பிலோமி. மாத்திட்டேன். ரெண்டுன்னு சொல்லியிருக்கேன்."

மேல் கொட்டகை: "ஏட்டி. பிலோமி."

மேல் கொட்டகை: "படகு வருது. பெரிய படகு. எந்திரி."

நாள் 214. இரவு 8.40

கீழ்க் கொட்டகைக்குப் போகும் கரண்டைக் காட்டும் ஊசி ஆடுகிறது. அவள் இயந்திரம் ஊதுகிறது. ரேடியோவுக்கும் கரண்ட் போகிறது. உள்ளே மூச்சு ஓடுகிறதா என்று ஊசிக்குத் தெரியாது. மயங்கிக் கிடந்தால் காற்று ஏற ஏற எழுந்துவிடலாம். தூங்கினால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள், அம்மா எத்தனை தடவை திட்டியிருக்கிறார்.

ஒரு கொட்டகைதான் ஓடும் என்று பெட்டி சொன்னது. இங்கே ஹீட்டரை நிறுத்திவிட்டேன். காற்று இயந்திரத்தையும் நிறுத்திவிட்டேன். என் சுவரில் கீறல் இல்லை, இருக்கும் காற்று கொஞ்ச நேரம் கிடக்கும். குளிருக்கு உடுப்பைப் போட்டுக்கொண்டேன். அதிலும் பாதி வழிக் காற்று இருக்கிறது.

பேட்டரி ஊசி இன்னும் இறங்குகிறது. வேறு எது இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். விளக்கு இல்லை. மோட்டார் இல்லை. மிச்சம் இந்தப் பெட்டிதான்.

நாள் 214. இரவு 8.55

படகில் வருகிறவர்களுக்கு.

விளக்கு வந்தது மேல் கொட்டகையிலிருந்து, அதனால் இங்கேதான் இறங்குவீர்கள். கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கம்பியைப் பிடித்துக்கொண்டே கீழே போங்கள். மணலைத் தோண்டினால் கதவு. சுவரில் சேலைத்துணி அடைத்த இடத்தில் கை வைத்துவிடாதீர்கள். அவள் பெயர் பிலோமினா. பதில் சொல்லவில்லை என்று திரும்பிவிடாதீர்கள், சத்தமாகக் கூப்பிடுங்கள். என்னை அப்புறம் பார்க்கலாம். அம்மா கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறார்.

முக்காலியைச் சுற்றி வைத்த கல்லை எடுக்காதீர்கள். சரியாக நிற்கிறது. பட்டையில் சிவப்பாக ஒரு குறி இருக்கும், அதைவிட்டு

ரேடியோவில் ஏதோ கரகரத்த மாதிரி இருந்தது. இல்லை, காற்றாக இருக்கும். இருந்தாலும், கரண்ட் போதாமல் அவள் பேச்சு வராமல் இருந்தால். பெட்டியை அணைத்து அந்தக் கரண்டையும் அவளுக்கு விட்டால்தான் தெரியும். அணைக்கிறேன். பிலோமி, இப்பச் சொல்லு, நான்