ரேடியோவில் பேர் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

டீக்கடை ரேடியோ சூடேறும்போது ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். தூசி கருகுகிற வாசனை. முதலில் அதுதான் வரும், குரல் பிறகுதான். இன்று சாயங்காலமும் அப்படித்தான் வந்தது. கடைக்காரர் ரேடியோவை மூடியிருந்த பூப்போட்ட துணியைத் தூக்கிவிட்டு (அவர் பெண்டாட்டி தைத்தது, கடையில் சாமி படத்துக்குக்கூட அப்படி ஒன்று கிடையாது) திருகினார். ஒரு பெண் தேன் வடிகிற குரலில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மலையில் மழை. காட்டு அதிகாரியின் மனைவிக்குப் பிரசவ வலி. அதிகாரி கலங்கவில்லையாம். கம்பில் டோலி கட்டச் சொல்லி, கொட்டுகிற மழையில் கீழே இறக்கி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாராம். "அப்பணியில் பெயர் தெரியாத மலைவாசி ஒருவர் உயிர் நீத்தார்" என்று முடித்தாள்.

பெயர் தெரியாதா? யாருக்குத் தெரியாது?

"யாருக்கும்மா தெரியாது?" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"யோவ் பெரியவரே, அது பொட்டிய்யா. அதுங்கிட்ட சண்ட போட்டீன்னா நாளைக்கு எனக்குத்தான் பாடாது" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்த மடல். எனக்கு எழுத்து வராது. பக்கத்துத் தையல்காரர்தான் எழுதுகிறார். நான் திட்டுவதில் பாதியை எழுத மாட்டேன் என்கிறார். அந்தப் பாதி உனக்குத் தானாகக் கேட்கும்.

பிழைக்க வந்த இந்த ஊரில் நீ ரேடியோ ஆபீஸ் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாய். நான் விறகு மண்டி வண்டியில் வந்து விறகு இறக்குவேன். ஜவ்வாது மலையில் நமக்கு ஒரே ஊர். விறகை அடுக்கிக்கொண்டே நான் மலைக் கதை சொல்வேன், சோறு வடித்துக்கொண்டே நீ "ஊம்" கொட்டுவாய். நம் ஊரில் பதில் இல்லாமல் யாரும் பேசுவதில்லை. கதைக்கு ஊம் வேண்டும். டோலி தூக்கினாலும் அப்படித்தான். முன்னால் போகிறவர் "கல்லு" என்பார், பின்னால் வருகிறவர்கள் "ஆச்சு" என்பார்கள். "வேரு." "ஆச்சு." "வழுக்கு." "ஆச்சு." பதில் வராமல் முன் ஆள் அடுத்த அடி வைக்க மாட்டார்.

உன் வீட்டுக்காரர்தான் எப்போதும் முன் ஆள். அந்த மழையிலும் அவர்தான். பாறை விளிம்பில் கால் சறுக்கியபோது கம்பை விட்டிருந்தால் பிழைத்திருப்பார். விடவில்லை. முழங்காலில் விழுந்து, கம்பைத் தோளிலேயே தாங்கி, பின்னால் இருந்தவர் வந்து மாற்றிக்கொள்ளும்வரை பிடித்திருந்தார். அப்புறம்தான் அவர் பள்ளத்தில் சரிந்தார். அந்த அம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அதிகாரிக்குக் கூட்டம் கூட்டி மாலை போட்டார்கள். கூட்டம் நடக்கிறதென்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

கதை நிகழ்ச்சி பார்க்கிற ஐயா ஒருநாள் கேண்டீன் வாசலில் நின்று நம் பேச்சைக் கேட்டார். மலை ஜனங்களைப் பற்றி நிகழ்ச்சி போடுகிறோம், வந்து சொல்லு என்றார். தேன் எடுக்கிற கதை சொல்லலாம் என்றிருந்தேன். அது நல்ல கதை, கரடியும் உண்டு. நீ அகப்பையைக் கீழே வைத்தாய்.

"கரடி கெடக்குது. எங்க வீட்டுக்காரரச் சொல்லு. பேரோட சொல்லு" என்றாய்.

"நீயே வந்து சொல்லேன்க்கா."

"புருஷன் பேர நானாடா சொல்றது? வாய் வெந்துடாது? அதுக்குத்தான உன்ன வெச்சிக்கினு கீறேன்."

அந்தப் பேரின் முதல் பாதி வந்துவிடுமென்று வெள்ளைப்பூண்டைக்கூட "உரிக்கிறது" என்பாய். கேண்டீனுக்குப் புதிதாக வந்தவர்கள் வெங்காயத்தை எடுத்து நீட்டுவார்கள், உன்னிடம் திட்டு வாங்குவார்கள்.

சந்தை நாளில் அடிவாரத்துப் பஞ்சாயத்து ரேடியோவில் கதை கேட்கும் என்று புளி லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினாய். உன் மாமியாரும் மலையிலிருந்து இறங்கி வருவதாகப் பதில் வந்தது. மகன் பேர் ரேடியோவில் வரப்போகிறதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம்.

ஒத்திகைக்குப் போனோம். சுவரெல்லாம் கோணி மாதிரித் துணி. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், நான் கோயில் போலிருக்கிறது என்று ஒரு கும்பிடும் போட்டேன். மைக் முன்னால் முதல் பேச்சைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஊம் வரவில்லை. காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐயா கையைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

"ஏம்ப்பா, மறந்துபோச்சா?"

"நான் மறக்கல சாமி. கேக்கற ஆளு எங்க?"

கடைசியில் உன்னை என் பக்கத்தில் உட்கார வைக்கச் சம்மதித்தார். ஆனால் கதை முடிந்ததும் வந்து, "பேர் எல்லாம் வேணாம். அந்த ஆபீசர் பேர் வரட்டும். மத்தது 'மலைவாசி ஒருவர்'னு சொல்லுங்க, போதும்" என்றார்.

"அவருக்கும் பேர் கீதே சாமி."

"இருந்துட்டுப் போவட்டும்யா. கேக்கறவங்களுக்கு அது எதுக்கு?"

எதுக்கு! எனக்கு இன்றைக்கும் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. உயிரைக் கொடுத்தவருக்குப் பேர் வேண்டாம், குடை பிடித்து நின்றவருக்குப் பேர் வேண்டுமா? வெளியே வந்ததும், "நீ சொல்லு" என்றாய். சொல்கிறேன் என்றேன்.

அப்போதெல்லாம் பேசப் பேசவே ஊருக்குக் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. சொன்னேன். நீ ஊம் கொட்டினாய். மழையைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன். "முன்னால தோள் குடுத்தாரே, அவரு பேரு..." என்று வாயெடுத்ததும் கதவு திறந்தது. ஐயா பூனை மாதிரி வந்து என் வாய்க்கு முன்னால் இருந்த மைக்கைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் அது உன் பக்கம் போயிற்று.

நீ குனிந்தாய். பள்ளத்தில் மேய்கிற மாட்டைக் கூப்பிடுவாயே, அந்தக் குரல்.

"வெள்ளையன்! எங்க வீட்டுக்காரரு. பேரு வெள்ளையன்!"

"ஊம்" என்றேன் நான்.

விளக்கு அணைந்தது. நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள்.

கேண்டீன் வேலை அன்றோடு போயிற்று. ஒழுங்கீனமாம். நிகழ்ச்சி ஐயாவின் நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது, அதே புளி லாரியில் வந்த சேதியைக் கேட்டுத்தான். மகன் பேரைக் கேட்க மலையிறங்கி வந்த உன் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள்: "புருஷன் பேர ஊரு பூரா கேக்கக் கத்தனவ இனி என் வாசல மிதிக்கக் கூடாது."

நீ அப்போது இங்கே ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். லாரிக்காரர் சொன்னதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பின்கட்டில் நின்று, அந்த வீட்டுச் சேவலைப் பற்றியெல்லாம் பேசினேன். அப்புறம் சொன்னேன். நீ சாம்பல் கையோடு நிமிர்ந்தாய்.

"ரேடியோக்காரங்க சொல்லியிருந்தா நான் ஏன்டா சொல்லப்போறேன்?"

அவ்வளவுதான். மறுபடி பாத்திரத்துக்குக் குனிந்துவிட்டாய். உனக்குப் பதிலாக நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் அந்த வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்தார்கள். ஆபீஸ்காரர்களுக்கு அந்தப் பேர் சொல்ல ஆகாத அளவு சின்னப் பேர். ஊர்க்காரர்களுக்கு நீ சொல்ல ஆகாத அளவு பெரிய பேர். இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் நீ மலைக்குப் போகவே இல்லை. உன்னைப் புதைத்ததும் இந்த ஊரில்தான்.

இன்றைக்கு அந்தத் தேன் குரல் பெயர் தெரியாது என்கிறது. அவர்கள் கட்டடத்தில், அவர்கள் மைக்கில், உன் சோற்றைப் பணயம் வைத்துச் சொன்னோம் அக்கா. காதில் வாங்கிவிட்டுத் தெரியாது என்கிறவர்களை என்ன செய்வது? நான் சொன்ன யோசனையைத் தையல்காரர் எழுத மறுக்கிறார்.

அன்று மழையையும் பாறையையும் சொல்லி முடித்துவிட்டுப் பேருக்கு வந்தேன். அதற்குள் ஒரு கை நீண்டுவிட்டது. அதிலிருந்து நான் யார் கதையைச் சொன்னாலும் பேரைத்தான் முதலில் சொல்கிறேன். எந்தக் கை வேண்டுமானாலும் அப்புறம் நீளட்டும்.

இன்று கடையில் சிரிப்பு அடங்கியதும் கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். "சரி, மொறைக்காத. யாருதான் அந்த ஆளு? நீ சொல்லு" என்றார்.

"வெள்ளையன்" என்றேன்.

"எந்த வெள்ளையன்? கரி மண்டில ஒருத்தன் கீறானே, அவனா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

மலையில் இருந்தவரை உன்னை எல்லாரும் வெள்ளையன் பொண்டாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். உன் சொந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அவன் இல்ல. இவரு குப்பம்மாவோட வீட்டுக்காரரு" என்றேன். "குப்பம்மா புருஷன் வெள்ளையன்."

அவர் தலையாட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் கதையில் மழையைப் பெய்யவிட்டேன்.